டர்போவைக் கழற்றும் முன் எந்தக் கியர் என்று பாருங்கள்

கேள்வி: ஜெர்மனியில் டோர்ட்முண்டில் இருக்கிறேன். இருபது வருட ஆசை, நாலு மாதத்துக்கு முன்தான் நிறைவேறியது. 2007-ஆம் ஆண்டு போர்ஷே 911 டர்போ ஒன்றைச் செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். 3.6 லிட்டர், டிப்ட்ரானிக் என்ற ஆட்டோமேட்டிக் கியர், 1,10,000 கிலோமீட்டர் ஓடியது. ஆட்டோபானில் ஏறினால் ராஜா. ஆனால் தினமும் வேலைக்குப் போய்வரும் 9 கிலோமீட்டரில் என்னைப் படுத்தி எடுக்கிறது. ரவுண்டானாவில் இடைவெளி பார்த்து மிதித்தால் ஒரு நொடி ஒன்றுமே நடக்காது, பிறகு திடீரென்று பாயும். மனுசி, "தலை சுற்றுகிறது, இனி இந்தக் காரில் ஏறமாட்டேன்" என்கிறார். "டர்போ என்றாலே லேக், அதாவது மிதித்த பிறகு பலம் வரத் தாமதம், இருக்கும், பொறுத்துக்கொள்" என்கிறார் நண்பர். டியூனிங் கடைக்காரர் டர்போவை மாற்றி, எஞ்சின் கம்ப்யூட்டரின் கணக்குகளையும் மாற்றி எழுத (ரீமேப்) 6,000 யூரோ கேட்கிறார். இன்னொருவர் ஆன்டி-லேக் போடலாம் என்கிறார். பேசாமல் விற்றுவிட்டு டர்போ இல்லாத 911 ஜிடி3 வாங்கிவிடலாமா என்றும் யோசிக்கிறேன். என்ன செய்யலாம்?

பதில்: அன்புள்ள நண்பருக்கு, அந்த 6,000 யூரோ இப்போதைக்கு உங்கள் கணக்கிலேயே இருக்கட்டும்.

ஒரு நொடி ஒன்றும் நடக்கவில்லை என்கிறீர்கள். அந்த ஒரு நொடியில் டர்போவின் பங்கு எவ்வளவு, கியர்பாக்ஸின் பங்கு எவ்வளவு, உங்கள் வலது காலின் பங்கு எவ்வளவு என்று இதுவரை யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. காய்ச்சல் என்று வந்தவருக்கு நாடிகூடப் பிடிக்காமல் ஆபரேஷனுக்குத் தேதி குறிப்பதைப் போல, நேராக டர்போவைக் கழற்றச் சொல்கிறார்கள். எஞ்சின்களின் கம்ப்யூட்டரை டியூன் செய்யும் வேலையில் பல வருடம் இருந்தவன் நான். உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு முதல் சந்தேகம் டர்போ மேல் வரவில்லை.

உங்கள் நண்பர் சொல்வதும் பொய்யில்லை. ஆனால் அவர் மனதில் இருப்பது வேறொரு கார். 1975-இல் விற்பனைக்கு வந்த முதல் 911 டர்போ, 930 என்று அழைக்கப்பட்டது. 3 லிட்டர், 260 குதிரைத்திறன், பெரிய டர்போ ஒன்றே ஒன்று. எஞ்சினில் நாக்கிங், அதாவது பெட்ரோல் நேரம் தவறி வெடித்துத் தட்டும் சத்தம், வருகிறதா என்று காதுகொடுத்துக் கேட்டு, இக்னிஷனை நொடிக்கு நொடி திருத்தும் மின்னணு மூளை அந்தக் காரில் கிடையாது. அதனால் முன்ஜாக்கிரதையாக அழுத்த விகிதத்தை (சிலிண்டருக்குள் கலவையை எத்தனை மடங்கு அமுக்குவது என்பதை) 6.5:1 என்று தாழ்த்தி வைத்தார்கள். பூஸ்ட், அதாவது டர்போ அமுக்கி ஊட்டும் காற்றின் அழுத்தம், வராதவரை அது மந்தமான ஒரு மூன்று லிட்டர் வண்டி. பூஸ்ட் வந்துவிட்டால் வேறு பிராணி. கியரும் நாலே நாலு, ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடைவெளி அதிகம். எஞ்சினோ பின் அச்சுக்கும் பின்னால் தொங்குகிறது. வளைவின் நடுவில் மிதித்தவர், ஒன்றும் வரவில்லையே என்று இன்னும் மிதிப்பார். வளைவு முடிவதற்குள் மொத்தமும் சேர்ந்து வரும். பயந்துபோய்க் காலை எடுத்தால் பின்பக்கம் முன்னால் வந்துவிடும். 1978-இல் 3.3 லிட்டர் எஞ்சினும், அமுக்கிய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரும் வந்து 300 குதிரைத்திறன் ஆனது. ஐந்தாவது கியருக்கு 1989 வரை காத்திருந்தார்கள். 1995-இல் பெரிய டர்போ ஒன்றுக்குப் பதிலாகச் சிறிய டர்போ இரண்டு, நான்கு சக்கரத்துக்கும் இழுவை என்று வந்த பிறகுதான் சாதாரண மனிதர் மழையிலும் ஓட்டக்கூடிய காராக அது மாறியது. தாத்தா வாங்கிய கெட்ட பெயரை உங்கள் கார் பரம்பரைச் சொத்தாகச் சுமந்துகொண்டிருக்கிறது.

டர்போ ஏன் தாமதிக்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், பிறகு வருவதெல்லாம் இதில்தான் நிற்கிறது. சைலன்சருக்குப் போகும் புகை வழியில் டர்பைன் என்ற ஒரு சக்கரம், அதே அச்சின் மறுமுனையில் காற்றை அமுக்கி எஞ்சினுக்கு ஊட்டும் இன்னொரு சக்கரம். முழு வேலையில் இவை நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கும் மேல் சுழலும். நீங்கள் மெதுவாக ஓட்டும்போது புகையும் குறைவு, சுழற்சியும் குறைவு. மிதித்தால் முதலில் புகை பெருக வேண்டும், பிறகு சக்கரம் வேகம் பிடிக்க வேண்டும், பிறகு இன்டர்கூலரும் குழாய்களும் அழுத்தக் காற்றால் நிரம்ப வேண்டும். எங்கள் பாட்டி வீட்டுத் திருகையில் முதல் சுற்றுக்குத்தான் முழுக்கை பலமும் தேவைப்படும், அப்புறம் ஒற்றை விரலால் தள்ளினாலே ஓடும். கல் பெரிதாக இருந்தால் அந்த முதல் சுற்று இன்னும் கஷ்டம்.

எவ்வளவு கஷ்டம் என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. ஒரே வடிவத்தில் ஒரு சக்கரத்தைச் சிறிதாக்கினால், அது சுழலத் தயங்கும் குணம் விட்டத்தின் ஐந்தாம் படி அளவுக்குக் குறையும். விட்டத்தை 20 சதவீதம் குறைத்தால் தயக்கம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகிவிடும். ஒரு பெரிய டர்போவை விட்டுவிட்டு இரண்டு சிறியதற்குப் பலரும் போனதற்குக் காரணம் இந்த ஐந்தாம் படிதான். உங்கள் டியூனிங் கடைக்காரர் மாற்றச் சொல்லும் டர்போ உங்களுடையதைவிடப் பெரியதா சிறியதா என்று கேட்டுப் பாருங்கள். பெரியதாகத்தான் இருக்கும். அதிகக் குதிரைத்திறனுக்கு அதிகக் காற்று வேண்டும், அதிகக் காற்றுக்குப் பெரிய சக்கரம் வேண்டும். லேக் குறைய வேண்டும் என்று போனவருக்கு லேக்கையே கூட்டி விற்கிறார்கள், அதற்கு 6,000 யூரோ வேறு.

உங்கள் காரில் இதற்கு ஏற்கனவே நல்ல வைத்தியம் செய்துதான் அனுப்பியிருக்கிறார்கள். 2006-இல் அறிமுகமான, 997 என்று அழைக்கப்படும் உங்கள் தலைமுறை டர்போவில், டர்பைன் சக்கரத்தைச் சுற்றி அசையும் தகடுகள் உண்டு. புகை குறைவாக இருக்கும்போது அவை நெருங்கி வழியைக் குறுக்கும். தோட்டத்துக் குழாயின் வாயைக் கட்டைவிரலால் பாதி மூடினால் தண்ணீர் பீய்ச்சி அடிக்குமே, அதே வித்தை. எஞ்சின் வேகம் கூடும்போது விலகி முழு வழி விடும். டீசல் கார்களில் இது பழைய சங்கதி. பெட்ரோல் புகையின் வெப்பம் 1000 டிகிரி செல்சியஸை எட்டும் என்பதால் தகடுகள் தாங்காது என்று வெகுநாள் ஒதுக்கி வைத்திருந்தார்கள். (இதற்கு முன்பே, 1989-இல், அமெரிக்காவில் ஷெல்பி சிஎஸ்எக்ஸ்-விஎன்டி என்ற பெட்ரோல் காரில் இதைச் செய்து பார்த்தார்கள். 500 கார்கள் அளவில்தான் செய்தார்கள், அதோடு நின்றது.)

சரி, இத்தனை வைத்தியத்துக்குப் பிறகும் ஏன் ஒரு நொடி?

காரின் விவரச் சீட்டில் 620 நியூட்டன் மீட்டர் இழுவை 1950 ஆர்பிஎம்மிலேயே (நிமிடத்துக்கு எஞ்சின் சுற்றும் சுற்றுகள்) கிடைக்கும் என்று படித்திருப்பீர்கள். அது உண்மைதான். ஆனால் அந்த எண் அளக்கப்படுவது ஆய்வுக்கூடத்தில். எஞ்சினை 1950-இல் பிடித்து நிறுத்தி, முழுதாக மிதித்து, பூஸ்ட் ஏறி நிலைக்கும்வரை காத்திருந்து அளப்பார்கள். எவ்வளவு நேரம் காத்திருந்தார்கள் என்பதை எந்த விளம்பரச் சீட்டும் அச்சிடாது. அதற்கும் கீழே, 1300, 1400 ஆர்பிஎம்மில், எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் முழு பூஸ்ட் வராது. சக்கரத்தைத் தள்ளும் அளவுக்கு அங்கே புகையே இல்லை. ஆக இரண்டு வேறு விஷயங்களை நாம் ஒரே பெயரால் அழைக்கிறோம். பூஸ்ட் வர வாய்ப்பே இல்லாத இடத்தில் எஞ்சின் நிற்பது ஒன்று. வர வாய்ப்புள்ள இடத்தில் தாமதமாக வருவது இன்னொன்று. இரண்டாவதுதான் அசல் லேக். முதலாவதற்கு ஒரு கியர் இறக்குவதே மருந்து, அதற்குக் காசும் இல்லை.

இங்கேதான் உங்கள் டிப்ட்ரானிக் வருகிறது. ஐந்து கியர் கொண்ட பழைய பாணி ஆட்டோமேட்டிக். முழு மிதியில் அது அருமையாக வேலை செய்யும். 0-இலிருந்து 100 எட்டுவதற்கு மேனுவல் கியர் காருக்கு 3.9 நொடி, டிப்ட்ரானிக்குக்கு 3.7 என்று போர்ஷேயே அறிவித்தது. ஆனால் ஊருக்குள் மெதுவாக ஓட்டினால், எரிபொருளை மிச்சப்படுத்தத் தன்னால் முடிந்த மேல் கியருக்குப் போய் உட்கார்ந்துகொள்ளும். அடுத்த முறை ரவுண்டானாவை நெருங்கும்போது மிதிக்கும் முன் ஆர்பிஎம் காட்டும் டேக்கோமீட்டரையும், எந்தக் கியர் என்று காட்டும் எண்ணையும் பாருங்கள். முள் 1500-க்குக் கீழே இருந்தால் உங்கள் ஒரு நொடியின் கதை இதுதான்: நீங்கள் மிதிக்கிறீர்கள், கியர்பாக்ஸ் யோசிக்கிறது, இறக்கலாமா வேண்டாமா என்று காத்திருக்கிறது, நீங்கள் பொறுமை இழந்து இன்னும் மிதிக்கிறீர்கள், அது ஒரே தாவலில் இரண்டு கியர் இறக்குகிறது, அதே கணத்தில் எஞ்சின் 3000-ஐத் தாண்டி பூஸ்ட்டும் வந்து சேர்கிறது. எல்லாம் ஒன்றாக வந்ததில் உங்கள் மனைவியின் தலை இருக்கையில் இடிக்கிறது. பழி டர்போவின் மேல். அதேபோல, சிக்னலில் நின்று கிளம்பும்போது எண் 1 என்று காட்டுகிறதா 2 என்று காட்டுகிறதா என்றும் கவனியுங்கள். மென்மைக்காக இரண்டாம் கியரிலேயே கிளம்பும் பழக்கம் இந்த வகை ஆட்டோமேட்டிக்குகளுக்கு உண்டு.

ஊகம் போதும், அளந்து பார்த்துவிடலாம். லேக் இருக்கும் என்று சொன்ன அதே நண்பரைப் பக்கத்தில் உட்கார வைத்து, டேக்கோமீட்டரை வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். பூஸ்ட் அளவும் உங்கள் காரில் அதற்குள்ளேயே டிஜிட்டலாகக் காட்டும். எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு, ஆட்டோபானில் ஏறும் காலியான இணைப்புச் சாலையில், லீவரை மேனுவலுக்குத் தள்ளி மூன்றாவது கியரில் வையுங்கள். 1500-இல் நிலையாக ஓட்டி, சட்டென்று மிதியுங்கள். அடியில் ஒரு கிளிக் தட்டுப்படும், அதைத் தாண்டி அழுத்த வேண்டாம், அழுத்தினால் கியர் இறங்கிவிடலாம். அதையே 2000-இலும் 3000-இலும் செய்யுங்கள். வீட்டுக்கு வந்து வீடியோவை மெதுவாக ஓட்டிப் பார்த்து, மிதித்ததிலிருந்து பூஸ்ட் எண் 1 பார் பக்கம் வரும்வரை எத்தனை நொடி என்று எண்ணுங்கள்.

1500-இல் மந்தம், 3000-இல் சுறுசுறுப்பு என்றால் உங்கள் காருக்கு நோய் இல்லை. 3000-இலும் இழுத்துக்கொண்டே போகிறது, அல்லது எவ்வளவு மிதித்தும் பூஸ்ட் பாதியிலேயே நிற்கிறது என்றால் எங்கோ காற்று கசிகிறது அல்லது தகடுகள் சரியாக அசையவில்லை. அந்த வயதுக் காரில் இன்டர்கூலர் குழாய் இணைப்புகள் தளரும். அழுத்தத்தைத் திருப்பிவிடும் வால்வுக்குள் இருக்கும் மெல்லிய சவ்வு கிழியும். சின்ன வேக்குவம் குழாய்கள் காய்ந்து வெடிக்கும். ஒர்க்‌ஷாப்பில் புகை செலுத்தும் சோதனை ஒன்று கேளுங்கள், கசிவு கண்ணுக்கே தெரிந்துவிடும். அப்புறம், கம்ப்யூட்டர் கேட்ட பூஸ்ட் எவ்வளவு, கிடைத்த பூஸ்ட் எவ்வளவு என்ற இரண்டு கோடுகளையும் ஒரே வரைபடத்தில் காட்டச் சொல்லுங்கள். இந்த வரைபடத்தைக் காட்டாமல் டர்போ மாற்றச் சொல்பவரிடம் காரை விடாதீர்கள். எனக்குத் தெரிந்த ஒருவர், ஒரு ஒர்க்‌ஷாப் பேச்சைக் கேட்டு இரண்டு டர்போவையும் மாற்றி, அதன் பிறகும் லேக் போகாமல், கடைசியில் தளர்ந்துபோன ஒரு குழாய்க் கிளாம்பைக் கண்டுபிடித்தார். கிளாம்பின் விலை ஒரு காபி விலை.

ஆன்டி-லேக் என்ற யோசனையை அன்பாக மறந்துவிடுங்கள். ரேலி கார்களில் டிரைவர் காலை எடுத்த பிறகும் எஞ்சினுக்குக் காற்றும் பெட்ரோலும் அனுப்பி, இக்னிஷனைத் தாமதமாக்கி, சிலிண்டருக்கு வெளியே எக்ஸாஸ்ட் குழாயில் எரியவிடுவார்கள். அந்த வெடிப்பில் டர்போ ஓய்வெடுக்காமல் சுழன்றுகொண்டே இருக்கும். பட்டாசு போலச் சத்தம் வருவது அதனால்தான். டர்பைன், எக்ஸாஸ்ட் வால்வு, புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிஸ்ட் என்று வழியில் இருக்கும் எல்லாம் வெந்து போகும். அங்கே எஞ்சினைப் பிரித்துச் சேர்க்க ஒரு குழுவே காத்திருக்கும், உங்கள் வீட்டு வாசலில் யார் இருக்கிறார்கள்? அதோடு ஜெர்மனியில் இப்படிப்பட்ட மாற்றங்களை டியூவ் போன்ற ஓர் அமைப்பு சோதித்து ஏற்றுக்கொண்டு, வண்டியின் பத்திரத்தில் ஏற்றியாக வேண்டும். இல்லாவிட்டால் சாலையில் ஓட்டும் அனுமதியே செல்லாமல் போகலாம், விபத்து என்று வந்தால் இன்ஷூரன்ஸ்காரர் கேட்கும் முதல் கேள்வியும் அதுவாக இருக்கும். ரீமேப்புக்கும் இதே விதிதான்.

யாராவது ஆக்சிலரேட்டரில் மாட்டும் ஒரு சின்னப் பெட்டியை விற்க வந்தால் அதையும் வாங்காதீர்கள். கால் பாதியளவு மிதித்தாலே முழுதாக மிதித்ததாக எஞ்சினிடம் பொய் சொல்லும் பெட்டி அது. லேக் ஒரு துளியும் குறையாது, பாய்ச்சல் மட்டும் கூடும். உங்கள் வீட்டில் அது விவாகரத்து வரை போகலாம்.

ஜிடி3 ஆசை எனக்குப் புரிகிறது. அதே காலத்து ஜிடி3-இல் மிதித்த மில்லிமீட்டருக்கு எஞ்சின் பதில் சொல்லும், அந்தச் சுகமே வேறு. ஆனால் அதன் இழுவை 405 நியூட்டன் மீட்டர், அதுவும் 5500 ஆர்பிஎம்மில். ரவுண்டானாவில் 1800-இல் ஊர்ந்துகொண்டிருக்கும்போது அது உடனடியாகத் தருவது கொஞ்சம்தான். உங்கள் டர்போ பூஸ்ட் இல்லாமல் தருவதைவிட அது ஒன்றும் மலையளவு அதிகமில்லை. கூடவே கடினமான சஸ்பென்ஷன், தாழ்ந்த மூக்கு, மேனுவல் கியர் மட்டும். லேக்குக்குப் பயந்து தினசரி உபயோகத்துக்கு ஜிடி3 வாங்குவது, வெயிலுக்குப் பயந்து அடுப்படியில் ஒதுங்குவது மாதிரி. ரேஸ் டிராக்குக்கு வார இறுதியில் போகிறவராக இருந்தால் வேறு பேச்சு.

கடைசியாக உங்கள் கால். ஆடிக் கறக்கிற மாட்டை ஆடிக் கற, பாடிக் கறக்கிற மாட்டைப் பாடிக் கற என்பார்கள். டர்போ கார் பாடிக் கறக்கிற ரகம். ஊருக்குள் ஸ்டியரிங்கில் இருக்கும் பொத்தானால் நீங்களே கியரை இறக்கி, ரவுண்டானாவை நெருங்கும்போது முள்ளை 2500-க்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே நுழையும் அரை நொடி முன்பே ஆக்சிலரேட்டரை லேசாகத் தொடுங்கள், புகை ஓட ஆரம்பிக்கட்டும். பதில் வரவில்லையே என்று மேலும் மிதிக்கும் அந்தக் கைப்பழக்கத்தை, கால்பழக்கம் என்று சொல்ல வேண்டும், விட்டுவிடுங்கள். மிதித்த அளவிலேயே காலை நிறுத்திக் காத்திருந்தால் பூஸ்ட் படியேறுவது போல வரும். ஸ்போர்ட் பட்டன் இருந்தால் அழுத்திப் பாருங்கள். அது கியரைத் தாழ்வாகப் பிடித்து வைக்கும், அதே சமயம் ஆக்சிலரேட்டரைக் கூர்மையாக்கும். முதலாவது உங்களுக்கு வேண்டும், இரண்டாவது உங்கள் மனைவிக்கு வேண்டாம். அதனால் ஊருக்குள் சாதாரண மோடில் மேனுவலாக ஓட்டுவதைத்தான் நான் சொல்வேன்.

இன்னொன்று, உங்கள் 9 கிலோமீட்டர். டோர்ட்முண்டின் குளிர்காலக் காலையில் அந்த எஞ்சினின் ஆயில் சூடாவதற்குள் நீங்கள் அலுவலக வாசலில் இருப்பீர்கள். டர்போவின் அச்சு மிதப்பதே அந்த ஆயிலில்தான். ஆயில் 80 டிகிரியைத் தொடும்வரை முழு மிதி வேண்டாம். லேக் இருக்கிறதா என்று குளிர்ந்த எஞ்சினில் தீர்ப்பு எழுதுவதும் வேண்டாம். வாரத்தில் ஒரு நாளாவது வீட்டுக்குத் திரும்பும்போது ஆட்டோபான் பக்கம் சுற்றி அரை மணி நேரம் ஓட்டிவிட்டு வாருங்கள். பெட்ரோல் 98 ஆக்டேன் சூப்பர் ப்ளஸ்தானே போடுகிறீர்கள்? 95 போட்டாலும் கார் ஓடும், ஆனால் நாக்கிங்கைத் தவிர்க்க இக்னிஷனைப் பின்னுக்குத் தள்ளிவிடும், நீங்கள் மிதித்ததற்கு வரும் பலம் கொஞ்சம் செத்து வரும்.

லேக்கே கூடாது என்று பிடிவாதமாக இருப்பவர்களுக்கு இப்போது வழி வந்துவிட்டது. 2024-இல் வந்த 911 கரேரா ஜிடிஎஸ்-இல் ஒரே ஒரு டர்போ, அதன் அச்சிலேயே ஒரு மின் மோட்டார். புகை வரும்வரை காத்திருக்காமல் மோட்டாரே சக்கரத்தைச் சுழற்றிவிடுகிறது. அழகான வேலை. அதன் விலையைப் பார்த்தால் உங்கள் 6,000 யூரோ சில்லறையாகத் தோன்றும் என்பதால் அந்தப் பேச்சு இன்னொரு நாளைக்கு.

வீடியோவில் வந்த மூன்று எண்களையும், ரவுண்டானாவில் பார்த்த கியர் எண்ணையும் எனக்கு எழுதுங்கள். முதல் இரண்டு வாரம் தனியாக ஓட்டிப் பழகுங்கள், டேஷ்போர்டில் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்தால் சிந்தாது என்ற நம்பிக்கை வந்த பிறகு மனைவியைக் கூப்பிடுங்கள்.